நானூறு பாகைச் சூடு

ஹாரூன் பரொக்கி என்னும் பெயர் நம்மிடையே அதிகம் வழங்குவதில்லை. சினிமாவைப் பற்றிப் பேச்செடுத்தால் ஐசன்ஸ்டைன், புடொவ்கின், டி சிக்கா, சத்யஜித் ராய் என்று அடுக்கிச் செல்லும் நம் ஆசிரிய நண்பர்கள்கூட இப்பெயரைச் சொன்னதும் ‘யார் அவர்?’ என்றே கேட்கின்றனர். அதில் வியப்பில்லை. நட்சத்திரங்கள் நடித்த கதைப்படங்களால் அவர் அறியப்பட்டவரல்லர். இருபத்தைந்து நிமிடப் படம், ஒரு மணித்தியாலப் படம், தொலைக்காட்சிக்கான சிறு விவரணங்கள், பிற்காலத்தில் நூதனசாலைகளின் சுவர்களில் அருகருகே ஓடிய வீடியோக்கள் என்று நூற்றுக்கு மேற்பட்ட ஆக்கங்களை விட்டுவிட்டு, 2014 ஜூலை 30ஆம் திகதி, தமது எழுபதாவது வயதில், பேர்லினுக்கு அருகே அவர் மறைந்தார்.

பரிசோதனைக் கலைஞர் என்ற முத்திரையை அவர்மேற் குத்திவிட்டு ஒதுங்குவது சுலபம். முற்போக்கு எண்ணம் உடைய நமக்குப் பரிசோதனை என்ற சொல்லின்மீது ஒரு சந்தேகம் உண்டு. பெரும்பாலும் அது நியாயமான சந்தேகந்தான். வயிறு நிறைந்தவர்களின் விளையாட்டாக அது முடிந்துபோவதை நாம் கண்டிருக்கிறோம். பரொக்கியின் பரிசோதனைகள் வேறொரு தேவையிலிருந்து பிறந்தவை என்பது என் எண்ணம். அந்தத் தேவை என்னவென்று காண்பதற்கு அவருடைய 1969ஆம் ஆண்டுப் படமொன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

‘அணைக்க முடியாத நெருப்பு’ என்பது அதன் பெயர். வியட்நாமிய கிராமங்களின்மீது அமெரிக்க விமானங்கள் நேபாம் குண்டுகளைப் பொழிந்துகொண்டிருந்த காலம் அது. கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட இருபத்தைந்து நிமிடப் படம். தொடக்கத்தில், கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்த இளைஞர் ஒருவர் மேசையின் முன் அமர்ந்திருக்கிறார், அவர் பரொக்கியேதான். 1966 மார்ச்சில் தன் கிராமத்தில் நேபாமால் எரியுண்ட ஒரு வியட்நாமியர், ஸ்டொக்ஹோமில் கூடிய யுத்தக் குற்ற விசாரணை மன்றத்தின் முன் கொடுத்த வாக்குமூலத்தை, செய்தி வாசிப்பவரைப் போல உணர்ச்சியின்றி வாசிக்கிறார். பின்னர் நிமிர்ந்து நம்மைப் பார்க்கிறார். நேபாமின் கொடுமையை உங்களுக்கு எப்படிக் காட்டுவது என்று கேட்கிறார். காயங்களைக் காட்டினால் பார்ப்பவர் கண்ணை மூடிக்கொள்வார். முதலிற் படத்துக்கு மூடிய கண் பிறகு நினைவுக்கும், உண்மைகளுக்கும், அவற்றின் காரணங்களுக்கும் மூடிக்கொள்ளும் என்பது அவர் வாதம். சொல்லிவிட்டு, எரிந்துகொண்டிருக்கும் சிகரெட் ஒன்றை எடுத்துத் தமது கையிலே வைத்து அணைக்கிறார். சிகரெட் எரிவது 400 பாகையில், நேபாம் எரிவது 3000 பாகையில் என்று ஒரு குரல் அறிவிக்கிறது. அவ்வளவுதான்.

இப்படத்தை நான் முதன்முதலிற் பார்த்தது கொழும்பில் ஒரு சிறிய மண்டபத்தில். முப்பது பேர்கூட இருக்கவில்லை. நம் நாட்டில் யுத்தம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. காயங்களின் படங்களுக்கு எங்களிடம் பஞ்சம் இருக்கவில்லை. பத்திரிகைகளில் அவை நாள்தோறும் வந்தன. அவற்றைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்ட நாங்கள் நன்றாகப் பழகியிருந்தோம். பிணங்களைக் கண்டு கலங்காமற் காலை உணவு உண்ணப் பழகியிருந்த அதே மனிதர்கள், அன்று மாலை ஒரு சிகரெட்டைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் கவனித்தேன். அந்த 400 பாகையை எவரும் தம் தோலிலே உணர முடியும். அதிலிருந்து 3000 பாகைக்குச் செல்லும் கணக்கைப் பார்ப்பவரே செய்துகொள்ள வேண்டும். கணக்கைச் செய்பவன் கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

இத்தொடக்கத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மீதிப் படத்தை மறந்துவிடுவோர் பலர். எனக்கோ அந்த மீதிதான் முக்கியமாகப் படுகிறது. வியட்நாமிய கிராமத்திலிருந்து படம், நேபாமைத் தயாரித்த டவ் கெமிக்கல் நிறுவனத்துக்கு, மிச்சிகன் மாநிலத்தின் மிட்லண்ட் நகருக்குத் தாவுகிறது. அமெரிக்காவுக்குப் போய்ப் படம் பிடிக்கக் காசு ஏது? ஜேர்மனியிலேயே சில அறைகளிற் சில நடிகர்களை நிறுத்தி, இவர் இரசாயனவியலாளர், இவர் முகாமையாளர் என்று வைத்துக்கொண்டு எடுத்திருக்கிறார். அவர்கள் நடிப்பதில்லை, பாடம் ஒப்புவிக்கிறார்கள். பிரெக்டிடம் கற்றுக்கொண்ட கை என்பது தெரிகிறது. அந்நிறுவனத்தில் ஒவ்வொருவரும் ஒரு துண்டு வேலையை மட்டும் அறிந்தவர். எரியும் பொருள் மனிதத் தோலில் இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்ள வேண்டும் என்ற தேவைகூட, ஆய்வாளரின் மேசைக்கு வெறும் இரசாயனப் பிரச்சினையாகவே வந்து சேர்கிறது.

இறுதியிலே ஓர் உவமைக் கதை வருகிறது. தூசுறிஞ்சி செய்யும் தொழிற்சாலையொன்றின் தொழிலாளி, தன் மனைவிக்கு ஒன்று தேவையென்று நாளுக்கொரு பாகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டிப் பார்க்கிறான். எப்படிப் பூட்டினாலும் அது இயந்திரத் துப்பாக்கியாகவே முடிகிறது. அங்கே வேலை செய்யும் மாணவன் ஒருவன், இது துப்பாக்கித் தொழிற்சாலைதான் என்ற ஐயத்தில், சான்றுக்காகப் பாகங்களைக் கொண்டுபோய்ப் பூட்டுகிறான். அவனுக்கு வருவதோ தூசுறிஞ்சி. இவ்விருவருக்கும் அடுத்ததாக ஒரு பொறியியலாளன் வருகிறான். மூவரும் ஒரே நடிகர். தான் செய்வது என்னவென்று ஒருவன் அறியாதிருப்பதற்கு அவனுடைய மூடத்தனம் காரணமில்லை. உற்பத்தி முறையே அவ்வறியாமையையும் சேர்த்து உற்பத்தி செய்கிறது. இந்த ஒரு கருத்தைத் தமது வாழ்நாள் முழுவதும் பரொக்கி விடாது துரத்தினார் எனலாம்.

அவர் பிறந்த இடத்தையே யுத்தந்தான் தீர்மானித்தது. 1944 ஜனவரி 9ஆம் திகதி, அப்போது ஹிட்லரின் ஜேர்மனி தன்னுடன் இணைத்து வைத்திருந்த, இன்று செக் குடியரசிலுள்ள நோவி யிச்சீன் என்ற ஊரில் அவர் பிறந்தார். பேர்லின்மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்ததால் தாயார் அங்கிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார். தாயார் ஜேர்மானியர், தந்தையார் 1920களில் இந்தியாவிலிருந்து ஜேர்மனிக்குச் சென்ற மருத்துவர். யுத்தத்தின் பின் குடும்பம் சில ஆண்டுகள் இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் வாழ்ந்து, 1958இல் ஹம்பேர்க்கிற் குடியேறியது. நம் செவிக்குப் பழகிய பாரூக்கி என்ற குடும்பப் பெயரின் எழுத்துக்கூட்டலை 1969இல் அவர் எளிமையாக்கிக்கொண்டார். இந்த இந்திய வேரைப் பிடித்துக்கொண்டு அவரை நம்மவர் என்று கொண்டாடுவதில் எனக்கு ஆர்வமில்லை. அவருடைய பெரும்பாலான படங்கள் அதற்கு இடமும் தருவதில்லை.

1966இல் மேற்கு பேர்லினில் ஜேர்மன் திரைப்பட, தொலைக்காட்சிக் கழகம் தொடங்கப்பட்டபோது முதல் அணி மாணவருள் ஒருவராக அவர் சேர்ந்தார். 1967இல் எடுத்த ‘தலைவரின் வாசகங்கள்’ என்ற சிறு படத்தில் மாவோவின் சிவப்பு நூலிலிருந்து கிழித்த தாள் அம்பாக மடிக்கப்பட்டு எறியப்படுகிறது. அதற்குக் கமரா பிடித்தவர் ஹோல்கர் மைன்ஸ் என்ற சக மாணவர். 1968இன் இறுதியில், நிருவாகத்தை எதிர்த்துக் கிளர்ந்த பதினெட்டு மாணவர் கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். இருவரும் அவர்களுள் அடங்குவர். மைன்ஸ் பின்னர் செம்படைப் பிரிவு என்ற ஆயுதக் குழுவிற் சேர்ந்தார். 1974 நவம்பரில் சிறையிலே உண்ணாவிரதமிருந்து இறந்தார். எலும்பும் தோலுமான அவ்வுடலின் புகைப்படம் அந்நாடெங்கும் பரவியது. பரொக்கி பல ஆண்டுகள் கழித்து அந்நண்பரையும் அப்படங்களையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரே வகுப்பிலிருந்து ஒரே கோபத்துடன் வெளியேறிய இருவரின் கதை இது. நம் தலைமுறையினருக்கு இவ்விடத்தில் விளக்கம் வேண்டியதில்லை. ஆயுதம் எடுத்தவனும் எடுக்காதவனும் ஒரே வாங்கில் இருந்து படித்ததைக் கண்டவர்கள் நாங்கள்.

வெளியேற்றப்பட்டவருக்கு வருமானம் வேண்டும். தொலைக்காட்சிக்கு விவரணங்கள், சிறுவர் நிகழ்ச்சிகளுக்குச் சிறு படங்கள், வானொலிப் பேச்சுக்கள், நூல் மதிப்புரைகள் என்று கிடைத்ததையெல்லாம் செய்தார். உருக்குத் தொழிலில் ஓர் உலையின் கழிவு வாயு மற்றோர் உலைக்கு எரிபொருளாவதைப் போலத் தமது வேலைகளையும் ஒன்றோடொன்று பிணைத்துக்கொண்டதாக அவரே எழுபதுகளில் எழுதியிருக்கிறார். வானொலிக்காகத் தேடியதில் ஆராய்ச்சிச் செலவு கழிந்தது. அதற்காக வாங்கிய புத்தகம் மதிப்புரையாயிற்று. அப்போது கண்ணிற் பட்டது தொலைக்காட்சிக்குப் போயிற்று. எஞ்சியது சொந்தப் படத்துக்குச் சேர்ந்தது. மாலை நேர வகுப்பு நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டு இரவிற் கதை எழுதும் நம் ஆசிரிய எழுத்தாளர்களுக்கு இந்தப் பொருளாதாரம் நன்றாகப் புரியும். 1974 முதல் ‘பில்ம்கிறிற்றிக்’ என்ற சினிமாச் சஞ்சிகையின் ஆசிரியர்களுள் ஒருவராகவும் இருந்தார். 1984இல் அது நின்றுபோயிற்று. சிறு சஞ்சிகைகள் எந்நாட்டிலும் ஒரே நோயினால்தான் இறக்கின்றன.

அந்த உருக்கு உலை உவமை தற்செயலானதல்ல. பல ஆண்டுகள் பாடுபட்டு 1978இல் அவர் வெளியிட்ட ‘இரண்டு யுத்தங்களுக்கிடையில்’ என்ற படத்தின் பொருளே அதுதான். அல்பிரட் சோன்-றெத்தல் என்ற மார்க்சிய அறிஞரின் ஆய்வு அதற்கு அடிப்படை. நிலக்கரி உலைகளையும் இரும்பு உலைகளையும் உருக்காலைகளையும் வாயுக் குழாய்களால் ஒன்றாக இணைத்த ஜேர்மன் முதலாளிகள் பெரும் சிக்கனம் கண்டனர். ஆனால் இணைத்தபின் ஒன்றைத் தனியே நிறுத்த முடியாது. சந்தை விழுந்தாலும் எல்லாம் ஓடிக்கொண்டேயிருக்க வேண்டும். ஓடுவதை வாங்குவதற்கு ஒருவர் வேண்டும். ஆயுதங்களாக வாங்கக்கூடிய ஓர் அரசு அவர்களுக்குத் தேவைப்பட்டது. பாசிசத்தை ஒரு மனிதனின் பைத்தியமாகக் காட்டி முடித்துவிடும் எத்தனையோ படங்களுக்கு நடுவில் இது தனித்து நிற்கிறது. படம் வறண்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பாத்திரங்கள் நின்ற இடத்தில் நின்று பொருளாதாரம் பேசுகின்றனர். நான் இரண்டு தடவை நிறுத்தி எழுந்து தேநீர் குடித்துவிட்டு வந்துதான் பார்த்து முடித்தேன்.

‘உலகின் படிமங்களும் யுத்தத்தின் பதிவும்’ என்ற படம் அவ்வாறன்று. 1988இலும் 1989இலுமாக அது உருப்பெற்றது. அவருடைய படங்களுள் ஒன்றை மட்டும் நம் மாணவருக்குக் காட்ட முடியுமாயின் நான் இதையே தெரிவு செய்வேன். 1944 ஏப்ரல் 4ஆம் திகதி அமெரிக்க விமானமொன்று, போலந்திலே ஐ.ஜி. பார்பன் நிறுவனம் கட்டிக்கொண்டிருந்த இரசாயனத் தொழிற்சாலையை வேவு பார்ப்பதற்காக வானிலிருந்து படம் பிடித்தது. அருகிலிருந்த அவுஷ்விட்ஸ் மரண முகாமும் அப்படங்களில் விழுந்தது. படங்களை ஆராய்ந்தவர்கள் மின்நிலையம் எது, இரப்பர் ஆலை எது என்று ஒவ்வொன்றாகக் குறித்தனர். முகாமைக் குறிக்கவில்லை. அதைத் தேடும்படி எவரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. 1977இல் அமெரிக்க உளவுத்துறை அலுவலர் இருவர் பழைய கோப்புகளை எடுத்து ஆராய்ந்தபோதுதான், அந்த ஆண்டின் வான்படங்களில் நச்சுவாயு அறைகளும் அவற்றை நோக்கிய மனித வரிசையும் அடையாளங் காணப்பட்டன. முப்பத்துமூன்று ஆண்டுகள் அவை கோப்பிற் கிடந்தன.

அதே 1944 ஏப்ரலில் ருடோல்ப் விர்பா, அல்பிரட் வெட்ஸ்லர் என்ற இரு கைதிகள் முகாமிலிருந்து தப்பினர். ஸ்லோவாக்கியாவை அடைந்து, தாம் கண்டதை எண்ணிக்கைகளுடன் எழுத்தில் ஒப்படைத்தனர். வானத்தில் பறந்த கமரா கண்டும் காணாததைக் காலால் நடந்து வந்த இருவர் சொன்னார்கள். பரொக்கி இவ்விரண்டையும் அருகருகே வைத்துவிட்டுப் பேசாமலிருக்கிறார். இடையிடையே வேறு செய்திகளையும் கொண்டுவருகிறார். 1858இல் ஒரு தேவாலயத்தை அளக்கப்போய் விழுந்து சாகத் தெரிந்த ஜேர்மன் கட்டிடக்கலைஞர் ஒருவர், புகைப்படத்தைக் கொண்டே கட்டிடத்தை அளந்தால் என்ன என்று சிந்தித்தார். தூரத்திலிருந்து, ஆபத்தின்றி அளக்கும் கலை அவ்வாறு பிறந்தது. 1960இல் அல்ஜீரியாவில் பிரெஞ்சு இராணுவம் அடையாள அட்டைக்காக முகத்திரையை விலக்கச் சொல்லிப் பெண்களைப் படம் பிடித்தது. அப்பெண்களின் கண்கள் கமராவை நோக்கும் விதத்தைப் படம் நெடுநேரம் காட்டுகிறது.

2009இல் வன்னியின் மீது எடுக்கப்பட்ட செய்மதிப் படங்களை ஐக்கிய நாடுகள் அமைப்பின் நிபுணர்கள் ஆராய்ந்தனர். கடற்கரை மணலில் நெருக்கமாகக் கிடந்த கூடாரங்களின் கூரைகள் அவற்றிற் சிறு புள்ளிகளாகத் தெரிந்தன. இந்தப் படத்தை அதன்பின் நான் மீண்டும் பார்த்தபோது அது வேறு படமாக இருந்தது. இதைப் பற்றி இதற்குமேல் இங்கு எழுதப்போவதில்லை.

1995ஆம் ஆண்டு சினிமாவின் நூற்றாண்டு. உலகமெங்கும் விழாக்கள். பரொக்கி செய்தது ‘தொழிற்சாலையை விட்டு வெளியேறும் தொழிலாளர்’ என்ற முப்பத்தாறு நிமிட ஆக்கம். 1895இல் லூமியேர் சகோதரர் லியோன் நகரில் எடுத்த, ஒரு நிமிடத்துக்கும் குறைவான, அதே பெயருடைய படத்திலிருந்து அது தொடங்குகிறது. பின்வந்த நூறு ஆண்டுகளில் யார் யார் தொழிற்சாலை வாயிலைப் படம் பிடித்தார்கள் என்று தேடித் திரட்டுகிறார். சப்ளினும் வருகிறார், பிரிட்ஸ் லாங்கும் வருகிறார், புடொவ்கினும் வருகிறார். சினிமாவின் முதற் கமரா தொழிற்சாலையை நோக்கித் திருப்பப்பட்டது. அதன்பின் சினிமா அங்கிருந்து ஓடிக்கொண்டேயிருக்கிறது என்பது அவர் கண்டது. காதலும் கொலையும் வேலை முடிந்த பிறகே தொடங்குகின்றன. வாயிலுக்கு வெளியே வந்தவுடன் தொழிலாளர் கூட்டம் கலைந்து தனித்தனி மனிதராகிவிடுகிறது. தனிமனிதரைத்தான் கதைக்குப் பிடிக்கும். நான் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். லூமியேர் சகோதரர் அந்தத் தொழிற்சாலையின் சொந்தக்காரர்கள். வாயிலுக்கு எதிரே நின்ற முதற் கமரா முதலாளியினுடையது. இன்று தொழிற்சாலை வாயில்களில் இரவு பகலாக விழித்திருக்கும் கமராக்களும் அவருடையவையே.

தொண்ணூறுகளில் ஐரோப்பியத் தொலைக்காட்சியில் இத்தகைய படங்களுக்கிருந்த இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. அக்காலத்தில் நூதனசாலைகள் அவரை அழைத்தன. 1995இல் பிரான்சின் லீல் பகுதி நூதனசாலையொன்றுக்காக ‘இடைமுகம்’ என்ற ஆக்கத்தைச் செய்தார். இரண்டு படங்கள் அருகருகே ஓடும் முறை அவரிடம் அங்கே தொடங்கியது. படச்சுருளை வெட்டி ஒட்டும் மேசையில் ஒரு படத்தின் பின் இன்னொன்றுதான் வரும். வீடியோத் தொகுப்பு மேசையிலோ தொகுப்பாளரின் முன் எப்போதும் இரண்டு திரைகள் இருக்கும். தாம் வேலை செய்யும் மேசையையே பார்வையாளர் முன் கொண்டுவந்து வைத்தார் என்று கொள்ளலாம். ஓவியக்கூடத்துக்குப் போன இடதுசாரி என்று இதைக் குறை கூறுவோர் உண்டு. அக்குறை முற்றிலும் தவறென்று நான் சொல்லமாட்டேன். வெள்ளைச் சுவருக்கு முன் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு நகர்ந்து செல்லும் சீமான்களுக்கு நேபாமைப் பற்றியும் தெரியாது, சிகரெட்டைப் பற்றியும் கவலையில்லை. ஆனால் தொலைக்காட்சி கதவை மூடிய பின் அவர் வாய்மூடியிருந்திருக்க வேண்டுமா என்ற கேள்விக்கும் அவர்களிடம் விடையில்லை.

வாயை மூடவில்லை என்பதற்கு 2000இன் பின் வந்த ஆக்கங்களே சாட்சி. ‘கண் / இயந்திரம்’ என்ற மூன்று பகுதி வீடியோவில், 1991ஆம் ஆண்டு வளைகுடா யுத்தத்தில் ஏவுகணைகளின் தலையிற் பொருத்தப்பட்ட கமராக்கள் அனுப்பிய படங்களை எடுத்து ஆராய்ந்தார். மனிதர் பார்ப்பதற்காக எடுக்கப்படாமல், ஒரு வேலையின் பகுதியாகவே இயங்கும் படங்கள் என்று அவற்றை வகைப்படுத்தினார். தொழிற்சாலையிலும் யுத்தகளத்திலும் மனிதக் கண்ணுக்கு வேலை போய்க்கொண்டிருக்கிறது என்று அவர் எழுதியபோது பலர் அதை மிகை என்று எண்ணியிருக்கக்கூடும். இன்று ஆளில்லா விமானம் எந்தக் கூரையைத் தாக்குவது என்பதைக் கணனி முன்மொழியும் காலத்தில் அவ்வெண்ணம் எழ இடமில்லை.

2009, 2010ஆம் ஆண்டுகளில் நான்கு பகுதிகளாகச் செய்த ‘கனமான விளையாட்டுக்கள்’ இத்தொடரில் உச்சம். கணனி விளையாட்டைப் போன்ற செயற்கை உலகத்தில் அமெரிக்கப் படையினர் யுத்தத்துக்குப் பயிற்சி பெறுகின்றனர். யுத்தத்திலிருந்து மனம் உடைந்து திரும்பியவர்களுக்கும் அதேபோன்ற செயற்கை உலகத்தைக் காட்டியே சிகிச்சை அளிக்கின்றனர். இரண்டையும் ஒப்பிட்ட பரொக்கி ஒரு வேறுபாட்டைக் கண்டுபிடித்தார். பயிற்சிக்கான உலகத்தில் பொருள்களுக்கு நிழல் உண்டு. சிகிச்சைக்கான உலகத்தில் நிழல் இல்லை. அது மலிவாகச் செய்யப்பட்டது. ஓர் அரசு எதற்குக் காசு செலவிடுகிறது என்பதை வரவுசெலவுத் திட்டத்தைப் படித்து அறிவதைவிட இது எளிது.

இவ்வளவுக்கும் நடுவே 2007இல் அவர் செய்த ‘தவணை’ என்ற நாற்பது நிமிட மௌனப் படத்தை நான் தனியே வைத்துப் பார்க்கிறேன். நெதர்லாந்தில் வெஸ்ற்றபோர்க் என்ற முகாம் இருந்தது. யூதர்களை அங்கே சேர்த்து வைத்து, அங்கிருந்து ரயிலில் அவுஷ்விட்ஸ் முதலிய மரண முகாம்களுக்கு அனுப்புவர். 1944இல் முகாமின் அதிகாரி, கைதியாக இருந்த ருடோல்ப் பிறெஸ்லவர் என்ற புகைப்படக்காரரைக் கொண்டு முகாமைப் படம் பிடிக்கச் செய்தார். பிறெஸ்லவர் பின்னர் தாமே அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டு மாண்டார். அவர் எடுத்த சுருள்கள் எஞ்சின. பரொக்கி அவற்றுக்கு இசையோ பேச்சோ சேர்க்கவில்லை. எழுத்துப் பலகைகளை மட்டும் இடையில் வைத்தார்.

அச்சுருளில் கைதிகள் வேலை செய்கின்றனர். பழைய பொருள்களை உடைத்து உலோகத்தைப் பிரிக்கின்றனர், வயலில் உழைக்கின்றனர், மாலையில் மேடையேறிப் பாடுகின்றனர். சிலர் கமராவைப் பார்த்துச் சிரிக்கின்றனர். நாசிகளுக்குச் சாதகமான சித்திரமாகத் தோன்றும் என்ற அச்சத்தாற் போலும், இப்பகுதிகள் அதிகம் காட்டப்படுவதில்லை. பரொக்கி அவற்றை வேறுவிதமாகப் படிக்கிறார். நாங்கள் பயனுள்ளவர்கள், வேலை செய்கிறவர்கள், எங்களை இங்கேயே வைத்திருங்கள் என்று அப்படங்கள் மன்றாடுவதாக இருக்கலாம் என்கிறார். ரயில் புறப்படும் பகுதியில் பெட்டி ஒன்றின்மீது பெயரும் பிறந்த திகதியும் எழுதப்பட்டிருப்பது ஓரிரு கணம் தெரிகிறது. அதைப் பெரிதாக்கிப் பயணிகள் பட்டியலோடு ஒப்பிட்டதால் அந்த ரயில் 1944 மே 19ஆம் திகதி சென்றது என்று நிறுவ முடிந்தது. கதவிடுக்கில் நின்று வெளியே பார்க்கும் ஒரு சிறுமி பல காலம் யூதச் சிறுமி என்றே அறியப்பட்டவள். 1994இல் டச்சுப் பத்திரிகையாளர் ஒருவர் அவள் செற்றெலா ஸ்ரைன்பாக் என்ற சிந்தி இனத்துச் சிறுமி எனக் கண்டறிந்தார். ஜிப்சிகள் என்று ஐரோப்பியர் இழித்துரைத்த மக்களைச் சேர்ந்தவள் அவள். வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், ஒரு படத்தை வைத்துக்கொண்டு வகுப்பில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடத்தை நான் அறியேன். நமது பாடநூல்களிலோ படங்கள் பக்கத்தின் வெற்றிடத்தை நிரப்புவதற்காகவே அச்சிடப்படுகின்றன.

2011 முதல் அவர் தமது மனைவியார் அந்த்யே ஏமானுடன் சேர்ந்து ‘ஒரே எடுப்பில் உழைப்பு’ என்ற பட்டறைகளை நடத்தினார். ஹனோய், கெய்ரோ, ஜொஹனஸ்பேர்க், பெங்களூர், மொஸ்கோ உட்படப் பதினைந்து நகரங்களில் அவை நடந்தன. விதி எளியது. உழைப்பைப் படம் பிடிக்க வேண்டும். ஒன்று அல்லது இரண்டு நிமிடம். வெட்டும் ஒட்டும் கூடாது. லூமியேர் சகோதரரின் முறைக்கே திரும்பினார், ஆனால் கமரா இப்போது சொந்தக்காரரிடம் இல்லை. அவர் இறந்த பின்னரும் ஏமான் அப்பட்டறைகளை வேறு நகரங்களில் தொடர்ந்தார். அப்படங்கள் இணையத்தில் உள்ளன.

அவற்றுட் சிலவற்றை மலையகத்தில் நான் படிப்பிக்கும் பாடசாலையின் உயர்தர வகுப்புக்குக் காட்டி, அதே விதியுடன் தமது கைத்தொலைபேசிகளில் படம் எடுத்து வரச் சொன்னேன். பதினொரு படங்கள் வந்தன. ஐந்தாறு வெறும் இயற்கைக் காட்சிகள். ஒரு மாணவி தன் தாயார் வேலை செய்யும் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தைப் படம் பிடிக்கப் போயிருக்கிறாள். உள்ளே விடவில்லை. வெளியே நின்று, காத்திருக்கும் வரிசையை எடுத்து வந்தாள். தராசு தெரியவில்லை, நிறையை அறிவிக்கும் குரல் மட்டும் கேட்கிறது. ஒவ்வோர் எண்ணும் சொல்லப்படுந்தோறும், வரிசையில் அடுத்து நிற்கும் பெண் தன் சாக்கை ஒரு கையால் சற்றே தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைக்கிறாள். முதல் தடவை பார்த்தபோது அதை நான் கவனிக்கவில்லை. பின் வாங்கிலிருந்த ஒரு மாணவன்தான், ‘சேர், அவங்க கையாலேயே நிறுத்துப் பார்க்கிறாங்க’ என்றான். இரண்டு பாடவேளைகள் அதைப் பற்றியே பேசினோம். தண்ணீருக்கும் சாக்குக்கும் என்று எத்தனை கிலோ கழிக்கிறார்கள், அதை யார் தீர்மானிக்கிறார்கள், ஏன் அந்த வரிசையில் ஆண் ஒருவரும் இல்லை, உள்ளே ஏன் விடவில்லை என்று கேள்விகள் வந்தன. மறுநாள் அம்மாணவி தாயாரிடம் விசாரித்து வந்தாள். கையால் தூக்கிப் பார்த்துத் தாயார் சொல்லும் எண்ணுக்கும் உள்ளே எழுதப்படும் எண்ணுக்கும் பெரும்பாலும் இரண்டு கிலோ வித்தியாசமாம்.

அடுத்த தவணைக்கு ஒரு தையல் தொழிற்சாலையின் உட்புறத்தைப் படம் பிடிக்க இரு மாணவர் அனுமதி கேட்டு எழுதியிருக்கின்றனர். இன்னும் பதில் வரவில்லை.